54 வருடம் ஒரே நாற்காலி: சிகாகோ 14-வது வார்டு எட் பர்க்

ஏரிக்கரை_நண்பன்:
சிகாகோ நகர மன்றத்தில் 50 வார்டு, வார்டுக்கு ஒருவர். அவர்களுக்கு ஆல்டர்மேன் என்று பெயர், இப்போது ஆல்டர்பர்சன் என்கிறார்கள். 14-வது வார்டை 1969 மார்ச்சிலிருந்து 2023 மே வரை ஒரே ஆள் வைத்திருந்தார், எட்வர்ட் பர்க். அவருக்கு முன்னால் 1953-லிருந்து அந்த நாற்காலி அவருடைய அப்பா ஜோசப் பர்க்கிடம் இருந்தது. 1968-ல் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். மகனுக்கு அப்போது 24 வயது, போலீஸ் வேலை, சட்டப் படிப்பும் அப்போதுதான் முடிந்திருந்தது. முதலில் வார்டு கமிட்டிமேன் ஆனார், அதாவது கட்சியின் வட்டச் செயலாளர். அடுத்த வருடம் இடைத்தேர்தலில் ஆல்டர்மேன். அப்புறம் அரை நூற்றாண்டுக்கு யாராலும் அசைக்க முடியவில்லை.

2019 ஜனவரி 3-ம் தேதி அவர் மேல் மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக மத்திய அரசு வழக்குப் போட்டது. பிப்ரவரி 26-ல் தேர்தல். நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை. அந்தத் தேர்தலிலும் 54 சதவீத ஓட்டு வாங்கி, இரண்டாம் சுற்றே தேவைப்படாமல் ஜெயித்தார். வார்டில் பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளி, எதிர்த்து நின்ற இருவரும் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி. மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவருடைய அலுவலகத்தைச் சோதனை போட்டு டிவி முழுக்க ஓடிய பிறகும் ஜனங்கள் ஏன் இவருக்கே போட்டார்கள்? அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

51வது_தெரு:
அந்தப் பக்கம் இருக்கிறவன் நான்தான். அவருடைய வார்டு ஆபீஸ் 51-வது தெருவில் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை, நடைபாதை பெயர்ந்துவிட்டது, மரக்கிளை கம்பி மேல் சாய்கிறது என்று போய்ச் சொன்னால் வேலை நடக்கும். நகராட்சிக்கு 311 என்று ஒரு பொது எண் உண்டு. அதில் புகார் எண் கிடைக்கும். 51-வது தெருவில் ஆள் கிடைப்பார். ஸ்பானிஷ் பேசுகிற ஊழியர்களையும் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு ஆல்டர்மேனுக்கும் வார்டு வேலைக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை வரும். 2019 வாக்கில் அது 13 லட்சத்து 20 ஆயிரம் டாலர். எந்தத் தெருவுக்குத் தார் போடுவது, எந்தச் சந்துக்கு விளக்கு என்பதை அவரே முடிவு செய்வார். 2013-க்கு முன்னால் குப்பை வண்டியே வார்டு வாரியாகத்தான் ஓடியது. எழுபது வயதுப் பாட்டிக்கு எஃப்.பி.ஐ. என்ன கணக்கு? பனி வாரப்படுகிறதா என்பதுதான் கணக்கு.

நேப்பர்வில்_அக்கா:
தம்பி, பனி வாருவது நகராட்சி சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை. அதை ஆல்டர்மேன் தன் கையால் செய்த உபகாரம் மாதிரி காட்டுவதுதான் சிகாகோவின் பழைய வித்தை. நம் வரிப்பணத்தில் நமக்கே சலுகை. 54 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். பல தேர்தல்களில் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லாமல் ஜெயித்தவர் 54-க்கு இறங்கினார் என்றும் படிக்கலாமே. அதற்கு முந்தைய வருடம் 2018 மார்ச்சில் அவர் தம்பி டான் பர்க், மாநில சட்டமன்ற இடத்தைக் கட்சியின் உள்தேர்தலிலேயே ஆரோன் ஓர்டிஸ் என்ற இளைஞரிடம் இழந்தார். கரையான் அப்போதே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

51வது_தெரு:
அக்கா, நான் பெருமைப்படவில்லை. ஏன் போட்டார்கள் என்று கேட்டார், சொன்னேன்.

பழைய_சரித்திரம்:
ஓட்டு விஷயத்தை ஓரமாக வையுங்கள். ஐம்பதில் ஒருவர் எப்படி மேயர்களே யோசித்து நடக்கிற ஆளானார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ரிச்சர்ட் ஜே. டேலி, பிலாண்டிக், ஜேன் பர்ன், ஹரால்ட் வாஷிங்டன், சாயர், ரிச்சர்ட் எம். டேலி, இமானுவேல், லைட்ஃபுட் என்று எத்தனை மேயர்களைப் பார்த்தார் பாருங்கள்.

ஆரம்பத்தில் இவரும் கலகக்காரர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் இவரும் இன்னொரு ஆல்டர்மேன் எட்வர்ட் விர்டோலியாக்கும் வேறு சில இளசுகளும் அப்போதைய மேயர் பெரிய டேலியிடம் இன்னும் கொஞ்சம் பங்கு கேட்டு முறுக்கிக்கொண்டார்கள். 'காபி கலகம்' என்று அதற்குப் பெயர். 1980-ல் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் பதவிக்குக் கட்சிக்குள் போட்டியிட்டு டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலியிடம் தோற்றார். பெரிய தேர்தலில் ஜெயிக்கிற முகம் இல்லை அவருக்கு. அது தெரிந்ததும் மன்றத்துக்குள்ளேயே வேரை இறக்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு.

1983-ல் ஹரால்ட் வாஷிங்டன் நகரின் முதல் கறுப்பின மேயரானார். மே 2-ம் தேதி மன்றத்தின் முதல் வேலைக் கூட்டம். விர்டோலியாக்கும் பர்க்கும் 29 பேரைச் சேர்த்து வைத்திருந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். மேயர் பக்கம் 21. எண்ணிக்கை தெரிந்த மேயர் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியே போனார். 29 பேர் நகரவில்லை. விர்டோலியாக் தலைமையில் கூட்டத்தைத் தொடர்ந்து, குழுத் தலைவர் பதவிகளை எல்லாம் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பர்க்குக்கு நிதிக் குழு.

அடுத்த மூன்று வருடம் 'கவுன்சில் வார்ஸ்', அதாவது மன்றப் போர். மேயர் அனுப்புகிற நியமனம் குழுவிலேயே தூங்கும். மன்றம் நிறைவேற்றுவதை மேயர் வீட்டோ செய்வார். வீட்டோவை உடைக்க 34 ஓட்டு வேண்டும், 29 பேரால் முடியாது. ஊர் அப்படியே நின்றது. கடைசியில் வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீனோ மக்களுக்கு எதிராக வரையப்பட்டவை என்று நீதிமன்றத்தில் முடிவாகி, 1986-ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. 25-க்கு 25 ஆனது, சமன் உடைக்கும் ஓட்டு மேயருக்கு. 1987-ல் பர்க்கின் நிதிக் குழு போனது. அந்த நவம்பரில் வாஷிங்டன் தன் அலுவலக மேசையிலேயே மாரடைப்பில் இறந்தார். 1989-ல் மேயர் தேர்தலுக்கு இறங்கப் பார்த்த பர்க் விலகிக்கொண்டு, ஒரு காலத்தில் தன்னைத் தோற்கடித்த சின்ன டேலியின் பக்கம் சாய்ந்தார். நிதிக் குழு திரும்ப வந்தது. 2019 ஜனவரி வரை கையை விட்டுப் போகவே இல்லை.

இன்னொன்று. அந்தச் சண்டைக் காலத்தில் மிரட்டல் வருகிறது என்று இவருக்குப் போலீஸ் காவல் கொடுத்தார்கள். சண்டை முடிந்து, எதிரி இறந்து, பல வருடம் கழித்தும் நகராட்சிச் செலவில் காவல் தொடர்ந்தது.

சும்மா_படிக்கிறவன்:
நிதிக் குழுத் தலைவர் என்றால் பட்ஜெட் போடுகிறவரா? அதில் என்ன அவ்வளவு?

வரிக்கணக்கு:
பட்ஜெட்டைப் போடுவது மேயர் ஆபீஸ். ஆனால் கடன் பத்திரம், நகரம் கொடுக்கிற வரிச் சலுகை, வழக்குகளில் நகரம் கொடுக்கிற நஷ்ட ஈடு எல்லாம் நிதிக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அதோடு வேலையில் அடிபட்ட நகராட்சி ஊழியர்களுக்கான இழப்பீட்டுத் திட்டமும் இவர் குழுவின் கையில் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர். வேறு பெரிய நகரங்களில் அதை நிர்வாகம் பார்க்கும். இங்கே ஒரு மன்றக் குழு, அதாவது ஒரு தனிமனிதர்.

இனி முக்கியமான இடம். ஆல்டர்மேன் வேலையைப் பகுதிநேர வேலையாக வைத்துக்கொண்டு வெளியே தொழில் பார்க்கலாம். பர்க்கின் தொழில், சொத்துவரி குறைக்கும் வக்கீல் தொழில். குக் கவுண்டியில் ஒரு கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் ஒரு மதிப்பு போடுவார். "அவ்வளவு பெறாது" என்று மேல்முறையீடு செய்து குறைத்தால் வரி குறையும், மிச்சமானதில் வக்கீலுக்குப் பங்கு. வானளாவிய கட்டடம் ஒன்று கிடைத்தால் போதும். டவுன்டவுனில் உள்ள டிரம்ப் டவரும் அவருடைய வாடிக்கையாளர். வேடிக்கை என்னவென்றால் மாநில அவை சபாநாயகராக 36 வருடம் இருந்த மைக்கேல் மேடிகனுக்கும் இதே தொழில்தான்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கட்டடக்காரர். நகர மன்றத்தில் உங்கள் சலுகை மனு நிற்கிறது. அதைப் பார்க்கிற குழுத் தலைவருக்குச் சொத்துவரி வக்கீல் ஆபீஸ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். தன் வாடிக்கையாளர் விஷயம் ஓட்டுக்கு வரும்போது மன்ற விதிகளில் 14-வதைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார், அதை அடிக்கடி செய்தார். காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

நேப்பர்வில்_அக்கா:
நீதிமன்றப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே நீதிபதிகளும் தேர்தலில் நிற்கிறவர்கள். குக் கவுண்டியில் ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் குழுவுக்குப் பல வருடம் இவர்தான் தலைவர். மனைவி ஆன் பர்க் 2006 முதல் 2022 வரை மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, கடைசி மூன்று வருடம் தலைமை நீதிபதி. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968-ல் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஒரு வீட்டிலிருந்து எத்தனை கதவுக்குச் சாவி!

வடக்குப்_பக்கம்:
ரொம்பக் கறுப்பாகவே வரைகிறீர்களே. அந்த மன்றத்தில் சட்ட நகலைப் படித்துவிட்டு வருகிற சிலரில் இவர் ஒருவர். பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை வேண்டும் என்று விடாமல் நின்றார். 2005-ல் நிறைவேறியது. அப்பா எதில் இறந்தார் என்று முதல் பதிவில் இருக்கிறது. நகர வரலாறு அத்துப்படி. 1871 பெருந்தீக்கு ஓலியரி அம்மாவின் மாடு லாந்தரை உதைத்ததுதான் காரணம் என்று ஊரே நூறு வருடத்துக்கு மேல் சொல்லி வந்தது. 1997-ல் அந்த அம்மாவும் மாடும் நிரபராதிகள் என்று மன்றத்தில் தீர்மானம் வந்ததற்கு இவர்தான் காரணம். கோடு போட்ட சூட், சட்டைப் பையில் கைக்குட்டை, எழுந்து பேசினால் பழைய காலத்து மேடைப் பேச்சு. பார்க்கவே ஒரு காட்சி.

நேப்பர்வில்_அக்கா:
மாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார், ஒத்துக்கொள்கிறேன் :-)

ஏரிக்கரை_நண்பன்:
சரி, வழக்குக்கு வருவோம். பர்கர் கிங் கதையை யாராவது முழுசாகச் சொல்லுங்கள். டிரைவ்வே பெர்மிட் அது இது என்று துண்டு துண்டாகத்தான் படித்தேன்.

வரிக்கணக்கு:
புலாஸ்கி ரோட்டில் 41-வது தெரு அருகே ஒரு பர்கர் கிங். 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றது அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான், பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் அதனால்தான். 2017-ல் கடையைப் புதுப்பிக்க வேலை ஆரம்பித்தார்கள். நடத்துகிறவர்கள் டெக்சாஸ்காரர்கள், இல்லினாய் மாநிலம் முழுக்க நிறையக் கடை வைத்திருந்தார்கள். அவர்களுடைய சொத்துவரி வேலை தன் ஆபீசுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்பது பர்க்கின் எண்ணம். மதிய உணவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். வேலை வந்து சேரவில்லை. கொஞ்ச நாளில் டிரைவ்வே பெர்மிட் சரியில்லை என்று கடையின் வேலை நின்றது. போனில் தன் ஊழியரிடம் இவர் பேசியது எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அந்த வருடம் அவருடைய போன்களை எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மத்திய அரசு வழக்கின் நடுநாயகம் ஒரு கடை வாசலுக்கு வண்டி ஏறி இறங்குகிற சரிவு. சிகாகோவில் அப்போது அந்தச் சரிவுக்கும் ஆல்டர்மேன் தலையசைக்க வேண்டியிருந்தது, பெயர்ப்பலகைக்கும் அப்படித்தான், நடைபாதையில் மேசை போடவும் அப்படித்தான். வார்டுக்குள் அந்த வார்டு ஆல்டர்மேன் சொன்னதை மற்ற 49 பேரும் மறுக்க மாட்டார்கள், 'ஆல்டர்மேனிக் ப்ரிவிலேஜ்' என்பார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி ஒரு அதிகாரம் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் மேல்முறையீடும் கிடையாது.

மற்றவை சுருக்கமாக. பழைய தலைமைத் தபால் நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்த நியூயார்க் நிறுவனத்திடமிருந்து வரி வேலை பிடிக்கப் பார்த்தது, அதில்தான் "டூனா மாட்டியதா", அதாவது அந்தப் பெரிய மீன் நமக்குக் கிடைத்ததா என்று அவர் கேட்ட பிரபலமான ஒலிப்பதிவு. அவர் சிபாரிசு செய்த பெண்ணின் இன்டர்ன்ஷிப் மனுவை ஃபீல்ட் மியூசியம் கவனிக்காமல் விட்டதற்காக, அவர்கள் நுழைவுக் கட்டணத்தை ஏற்றும்போது முட்டுக்கட்டை போடுவேன் என்கிற தொனியில் பேசியது. வடமேற்கில் ஒரு மதுக்கடைப் பெயர்ப்பலகை விவகாரம்.

சும்மா_படிக்கிறவன்:
அந்த டூனா ஒலிப்பதிவு போனில் ஒட்டுக்கேட்டதா?

பழைய_சரித்திரம்:
பேச்சின் மறுபக்கம் இருந்தவர் டேனி சோலிஸ், 25-வது வார்டு ஆல்டர்மேன், ஜோனிங் குழு, அதாவது எந்த மனையில் என்ன கட்டலாம் என்று பார்க்கிற குழுவின் தலைவர். அவரே வேறு விஷயங்களில் எஃப்.பி.ஐ.யிடம் மாட்டி, தண்டனையிலிருந்து தப்பிக்க சக ஆல்டர்மேன்களிடம் ரகசியமாகப் பதிவுக் கருவியோடு நடமாடினார். சுமார் இரண்டு வருடம். அதைவிட விசித்திரம், விசாரணையில் அவரை அரசுத் தரப்பு சாட்சியாகக் கூப்பிடவே இல்லை. பர்க்கின் வக்கீல்கள்தான் கூப்பிட்டார்கள், "இந்த ஆள் யோக்கியதையைப் பாருங்கள்" என்று காட்டுவதற்காக. ஒலிப்பதிவு போதும் என்று அரசுத் தரப்பு நினைத்தது சரியாகப் போயிற்று.

51வது_தெரு:
2018 நவம்பர் 29 நன்றாக நினைவிருக்கிறது. நகர மண்டபத்தில் அவருடைய அலுவலகக் கண்ணாடிக் கதவு முழுக்க உள்பக்கமாக பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தது, கசாப்புக் கடையில் கறி சுற்றுகிற மாதிரி தாள். வெளியே கேமராக்காரர்கள் அந்தத் தாளையே மணிக்கணக்காகப் படம் எடுத்தார்கள். 51-வது தெரு ஆபீசிலும் அதே நாள் அதே தாள். என் பக்கத்து வீட்டுக்காரர் காலையில் ஏதோ பெர்மிட் விஷயமாகப் போய்விட்டு, "உள்ளே பெயின்ட் அடிக்கிறார்கள் போல" என்று திரும்பி வந்தார்.

ஏரிக்கரை_நண்பன்:
அந்தத் தாள்தான் லைட்ஃபுட்டை மேயர் ஆக்கியது என்பேன். பர்க் திரட்டிக் கொடுத்த நிதியில் ஒரு பங்கு, மேயர் போட்டியில் முன்னணியில் இருந்த டோனி ப்ரெக்விங்கிளுக்குப் போயிருந்தது. பர்கர் கிங் நடத்தியவர்களிடமும் அதற்குக் கேட்டிருக்கிறார். அந்தக் கறை போகவில்லை. யாரும் எதிர்பார்க்காத லைட்ஃபுட் 2019 ஏப்ரலில் 50 வார்டிலும் ஜெயித்தார், 14 உட்பட.

பழைய_சரித்திரம்:
அதன் பின்னுரையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மே 29, லைட்ஃபுட்டின் முதல் மன்றக் கூட்டம். பர்க் எழுந்து மன்ற விதிகளில் எல்லா இடத்திலும் ஆண்பாலாகவே எழுதியிருக்கிறது என்று ஆட்சேபம் கிளப்பினார். மேயர் இரண்டு வார்த்தையில் உட்கார வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். ஐம்பது வருடத்தில் அந்த அவையில் அவரை அப்படி யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். மறுநாள் மே 30, 14 குற்றச்சாட்டுகளோடு முழுக் குற்றப்பத்திரிகை.

வழக்கு இழுத்து, கொரோனாவையும் தாண்டி, 2023 நவம்பரில்தான் விசாரணை. டிசம்பர் 21-ல் 14-ல் 13 குற்றச்சாட்டில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அதற்குள் பதவிக்காலம் முடிந்திருந்தது. 2023 தேர்தலில் அவர் நிற்கவில்லை. இப்போது ஜெய்லூ குட்டியரஸ் அந்த வார்டின் ஆல்டர்பர்சன்.

வடக்குப்_பக்கம்:
தண்டனை பற்றிப் பேசலாம். அரசுத் தரப்பு கேட்டது 10 வருடம். நீதிபதி வர்ஜீனியா கெண்டால் 2024 ஜூன் 24-ல் கொடுத்தது 2 வருடம், 20 லட்சம் டாலர் அபராதம். வயது 80. யார் யாருக்கோ செய்த உதவிகளைச் சொல்லி இருநூறுக்கும் மேல் கடிதம் போனது, இப்படி ஒரு குவியலைத் தான் பார்த்ததில்லை என்கிற அளவுக்கு நீதிபதி சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தபால் கட்டடம், பர்கர் கிங் எதிலும் அவர் பெட்டி பெட்டியாகப் பணம் வாங்கவில்லை.

நேப்பர்வில்_அக்கா:
எனக்குப் படவில்லை. அந்தக் கடிதங்களில் இருப்பது என்ன? பதவியில் இருந்தபோது அவர் செய்த சலுகைகள். சலுகை செய்கிற கையை வைத்துத்தான் பர்கர் கிங் கதவையும் மூடினார். குற்றத்துக்குப் பயன்பட்ட அதே அதிகாரம் தண்டனையைக் குறைக்கவும் பயன்பட்டால் எப்படி? இதே நகரத்தில் மேடிகனுக்கு 2025-ல் ஏழரை வருடம் விழுந்தது.

"பெட்டி பெட்டியாக வாங்கவில்லை" என்பதும் பதில் ஆகாது. தண்டனை பெற்ற குற்றங்களில் மிரட்டிப் பறிக்க முயன்றதும் உண்டு. டெக்சாஸ்காரர்கள் பணிந்திருந்தால் அந்த வழக்கும் இல்லை, இன்னொரு வாடிக்கையாளர் மட்டும்தான். அதற்கு முன்னால் பணிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

51வது_தெரு:
அக்கா சொல்வதில் கடைசி வரி என்னைக் கொஞ்சம் உலுக்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1972-க்குப் பிறகு இந்த மன்றத்திலிருந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் கெட்டவர்களா, இல்லை அந்த நாற்காலியே அப்படியா? பதவிக்கால வரம்பு வைத்தால் சரியாகுமா? சிகாகோவில் மேயருக்கும் கிடையாது, ஆல்டர்மேனுக்கும் கிடையாது.

வரிக்கணக்கு:
வரம்பு வைத்தால் எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார், டிரைவ்வேக்குத் தலையசைக்கிற வேலை அப்படியே இருக்கும். பர்க் விஷயத்தில் 54 வருடம் என்பது பிரம்மாண்டமாகத் தெரிகிறது. ஆனால் வழக்கில் வந்த சம்பவங்களில் எதற்கும் 54 வருடம் தேவையில்லை. ஜோனிங் குழுவில் சோலிஸ் அதற்குப் பாதி காலத்திலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

மாறியவை இவை. ஊழியர் இழப்பீட்டுத் திட்டம் 2019-ல் நிதிக் குழுவிடமிருந்து நிர்வாகத்துக்குப் போனது. லைட்ஃபுட் பதவியேற்ற அன்றே, துறைகள் பெர்மிட்டுக்கு ஆல்டர்மேன் தலையசைப்பை எதிர்பார்க்கக் கூடாது என்று ஆணை போட்டார். நகரத்தின் வருமானத்தைப் பாதிக்கிற சொத்துவரி மேல்முறையீட்டு வேலையை ஆல்டர்மேன்கள் செய்யத் தடை, அதுவும் 2019-ல்.

மாறாதது ஜோனிங். ஒரு மனையில் எத்தனை மாடி, குறைந்த வாடகை வீடு வரலாமா கூடாதா என்பதில் இன்னும் அந்த வார்டுக்காரர் வார்த்தைதான். இந்த வழக்கம் இனப் பிரிவினைக்குத் துணை போகிறது என்று 2023-ல் மத்திய வீட்டுவசதித் துறையே கடிதம் எழுதியது. மன்றம் அசைந்து கொடுக்கவில்லை. அதில் முற்போக்குக்காரர், பழைய கட்சி இயந்திரத்து ஆள் என்ற பேதமே இல்லை, ஐம்பது பேருக்கும் பிடித்த வழக்கம் அது.

சும்மா_படிக்கிறவன்:
அப்படியென்றால் நிதிக் குழுவைப் பார்ப்பதைவிட ஜோனிங் குழுவைப் பார்ப்பது நல்லதா?

வரிக்கணக்கு:
ஆமாம். கூட்டம் நேரலையில் வரும், நகர எழுத்தர் இணையதளத்தில் நிகழ்ச்சி நிரல் கிடைக்கும். உங்கள் தெரு முகவரி எந்த வார்டில் வருகிறது என்று முதலில் பாருங்கள். 2023-ல் எல்லைகள் மாறிவிட்டன, பழைய வார்டு எண்ணை வைத்துத் தேடினால் வேறு யாரோ வருவார்கள்.